படியில் முதலில் வைக்கும் கால்

"…இதுவும் ஒரு நடையா மகன்? கதிரையால எழும்பி, சுவர் மட்டும் போய், கிறுகித் திரும்பி வந்து மறுகாலும் அதே கதிரையில இரிக்கிற! ஒரு சாண் வரம்புல, மழைக்குள்ள, மண்வெட்டியத் தோள்ல வெச்சிட்டு நடந்த கால் இது. உங்கட நாடாவால அளக்கிறதுக்கு இதென்ன சீலையா?"

இதைச் சொன்னவருக்கு எழுபத்தெட்டு வயது; தன்னைவிட இளையவர் எல்லாரும் அவருக்கு 'மகன்'தான். நான் அவருடைய விறாந்தையில் முழங்காலில் நின்று, மூன்று மீற்றர் தூரத்தை அளந்து தரையில் நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் கதவு நிலையில் சாய்ந்தபடி, சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஒரு காலத்தில் வட்டவிதானை. யாருடைய வயலுக்கு எப்போது வாய்க்கால் தண்ணீர் போக வேண்டும் என்று பார்த்து, வரம்பு வரம்பாகச் சுற்றி, தண்ணீர்ச் சண்டைகளை வாயாலேயே தீர்த்து வைத்தவர். அந்த வாய் அப்படியே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் வலது காலையும் பாதியாக்கிவிட்டு, நாக்கை மட்டும் தொடாமல் விட்டிருந்தது.

"அல்லாஹ் நாக்க விட்டுவெச்சிரிக்கான். மத்தத நான் கதைச்சி எடுத்துக்குவன்" என்பார்.

நான் இந்த வேலைக்குப் படித்து வந்தவன் அல்ல. கல்முனைக் கடைத்தெருவில் முப்பது வருடத்துக்கு மேலாகச் செருப்பு விற்றேன். செருப்பு விற்கிறவனுக்கு ஆட்களின் முகத்தைவிட அடி நன்றாகத் தெரியும். புதியதைப் போட்டுப் பார்க்கிறவர் கழற்றி வைத்த பழையதைப் புரட்டினால் போதும். குதியின் ஒரு பக்கம் மட்டும் கரைந்திருந்தால் அங்கே ஒரு முழங்கால் நோகிறது. ஒரு செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் கால் இழுபடுகிறது. ஒருநாள் கடைக்கு வந்த பிசியோதெரபி மிஸ், நான் ஒரு கிழவரின் செருப்பைப் பார்த்து இப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "காக்கா, வயசாளிகள்ற கிளினிக்குக்கு ஒரு ஆள் தேவையா இருக்கு, வாறீங்களா?" என்றார். காரைதீவுக்காரர், சிறு வயது, நல்ல பொறுமை; அண்ணனை நாங்கள் கூப்பிடுவதுபோல என்னைக் 'காக்கா' என்பார். மகனிடம் கடையைக் கொடுத்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பயந்துகொண்டிருந்த காலம் எனக்கு. போனேன்.

மிஸ் எனக்குச் சொல்லித் தந்தது கொஞ்சம்தான். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிறாரா பார். மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை செக்கன் என்று போனில் பிடி. திரும்பும்போது எத்தனை சிறு அடி வைக்கிறார் என்று எண்ணு. ஒரு பாதத்துக்கு முன்னால் மற்றப் பாதத்தை ஒட்டி வைத்து நிற்க முடிகிறதா பார். என்ன மருந்துக் குளிசை குடிக்கிறார் என்று கேள். பிறகு, கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா என்று கேள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் 'ஓம்' என்று சொன்னதில்லை. "உழல்ல மகன், சும்மா இருந்த" என்றார் ஒருவர், நெற்றியில் தையலோடு. "நான் உழல்ல, சுவர்தான் கொஞ்சம் தள்ளிப் போயிட்டு" என்றார் இன்னொருவர். பெண்கள் வரிசையில் ஓர் உம்மா மிஸ்ஸிடம், "உழுறத்துக்கு எனக்கு எங்க புள்ள நேரம்?" என்று கேட்டார். எனக்கு இந்தப் பேச்செல்லாம் பெரிய ஆசை. படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். "காக்கா, முன்பக்கத்த நிரப்புங்க முதல்ல" என்று மிஸ் கண்டிப்பார்.

வட்டவிதானையாரிடம் கேட்டபோது அவர் மகளைப் பார்த்தார். மகள் சொன்னார்: "செல்லுங்க வாப்பா, மதகுல என்ன நடந்த எண்டு."

"என்ன நடந்த? இருந்தன்."

நடந்தது இது. பக்கவாதம் வந்து மூன்றாம் மாதம், ஒருநாள் மத்தியானம் லுஹர் தொழுகை நேரம், மகள் குசினியில் நின்றபோது பெரியவர் படலையைத் திறந்துகொண்டு தனியாகப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டிருக்கிறார். பள்ளி அந்த ஒழுங்கையில் நாலு வளவு தள்ளித்தான். பாதி வழியில் மதகுக் கட்டின் மேல் சரிந்து, எழும்ப முடியாமல், ஆட்டோக்காரர் ஒருவர் தூக்கி வந்து விட்டிருக்கிறார். அன்றைக்கே மகள் படலைக்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் திறப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

அந்த வீடு பெரியவர் கட்டியது. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, எங்கள் பக்கத்து வழக்கப்படி, தானும் மனைவியும் ஓரத்து அறைக்கு மாறிக்கொண்டார். மனைவி மௌத்தாகி மூன்று வருடம். "நான் வெச்ச படலைக்கு நானே புள்ளைட்ட திறப்புக் கேட்டு நிக்கிறன் பாத்தீங்களா மகன்" என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

மகள் என்னைக் கூப்பிட்டதே இதற்காகத்தான். அன்று நாடா ஒட்டி முடித்தபோது நேராகச் சொன்னார். "காக்கா, ஒரு நாளைக்கு அஞ்சி தரம் பாங்கு கேக்கிது. அஞ்சி தரமும் இவர் என்ர முகத்தப் பாக்கார். நான் என்ன செய்ற? நீங்க அளந்து, ஏலும் எண்டு எழுதித் தாங்க, நான் தொறந்து விர்றன். ஏலாட்டி ஏலா எண்டு எழுதுங்க. யாராவது ஒரு ஆள் எனக்கிச் செல்லணும்."

"வீட்ல தொழுதா கடமை கழியும்" என்றார் பெரியவர். "பள்ளியில தொழுதாத்தான் நான் இன்னும் இரிக்கன் எண்டு நாலு பேருக்குத் தெரியும்."

அப்படித்தான் ஒரு மனிதரின் படலைத் திறப்பு என் கையிலிருந்த கடதாசிக்கு வந்து சேர்ந்தது.

முதல்நாள் முப்பத்தொரு செக்கன் எடுத்தார். எழும்புவதற்கு மூன்று தரம் ஆடிக் கொடுத்தார். போனது பரவாயில்லை, சுவரடியில் திரும்புவதற்கு, புதுச் செருப்பு கடிக்கிற ஆள்போல, ஒன்பது குட்டி அடி வைத்தார். வலது காலின் முன்பாதம் நிலத்தைவிட்டுச் சரியாகக் கிளம்பவில்லை. நான் கடதாசியில் 'இப்போது ஏலாது' என்று எழுதினேன். 'இப்போது' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடும் போட்டேன். அவர் அந்தக் கோட்டைத்தான் பார்த்தார்.

"எத்தின கிழமைக்கு இந்த இப்போது?"

"நீங்க செய்யிறதப் பொறுத்து மாமா."

இரண்டு மாதம் கிழமைக்கு இரண்டு தரம் போனேன். மிஸ் சொல்லித் தந்த பயிற்சிதான். கதிரையில் உட்கார்ந்து எழும்ப வேண்டும். சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு குதியை உயர்த்த வேண்டும். சுவரோரமாகப் பக்கவாட்டில் நண்டுபோல நடக்க வேண்டும். "எழுபத்தெட்டு வருசம் முன்னுக்கு நடந்துட்டு இப்ப நண்டு நடை படிக்கன்" என்று பொரிந்துகொண்டே செய்வார். வெறும் வாய்தான், நான் போகாத நாட்களில் எனக்குத் தெரியாமல் இரண்டு மடங்கு செய்கிறார் என்று மகள் சொன்னார். இடது கையில் ஊன்றி நடக்க ஒரு பொல்லு எடுத்துக் கொடுத்து, அடியில் புது ரப்பர் மூடி போட்டேன்.

குசினிக்குப் பின்னால் முற்றத்துக்கு இறங்க இரண்டு படி உண்டு. அங்கேதான் படிப்பயிற்சி. ஏறும்போது நல்ல கால் முன்னுக்கு. இறங்கும்போது ஏலாத கால் முன்னுக்கு. மிஸ் எல்லாருக்கும் சொல்கிற முதல் பாடம் அது. உடம்பைத் தூக்குகிற வேலை எப்போதும் பலமுள்ள காலுக்கு. அவருக்கு நல்ல கால் இடது. "இடது ஏறும், வலது இறங்கும்" என்று அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறி இறங்குவார். பத்து நாளில் சொல்லாமலே செய்தார். மகள் குசினி யன்னலால் பார்த்துவிட்டு, "காக்கா, வாப்பா நடக்கார்" என்று, நான் அங்கே நிற்பதை மறந்தவர்போல என்னிடமே சொன்னார்.

ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். ஒருநாள் நான் விறாந்தையில் இருந்தபோது அவர் கக்கூசுக்குப் போனார். வெளியே வரும்போது நிலையில் தட்டுப்பட்டு, கதவைப் பிடித்துத் தப்பினார். அந்தக் கக்கூசின் தரை வெளித்தரையைவிட ஒரு விரற்கடை தாழ்ந்த பதிவு. அவ்வளவு சிறிய ஏற்றம். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தரை ஈரமாக இருந்தது. 'ஈரத்தரை; ரப்பர் விரிப்பு போடவும்; சுவரில் கைப்பிடி பூட்டவும்' என்று எழுதினேன். மகள் அன்றைக்கே விரிப்பு வாங்கினார். வெளியே வரும்போது அவர் எந்தக் காலை முதலில் தூக்கினார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அது அந்த ஏலாத வலது கால். கக்கூசுக்குள் இடது காலால் போய் வலது காலால் வெளியே வருவது, நாங்கள் நடக்கத் தொடங்கியதிலிருந்தே படித்து வருவது.

இரண்டாம் மாதக் கடைசியில் பதினெட்டு செக்கன். எழும்பியது ஒரே தரத்தில். திரும்பியது நாலு அடியில். நான் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன்.

"படி ஏறுறாரா?"

"ஓம் மிஸ், இடது காலால. நல்லா ஏறுறார்."

"பள்ளிப் படி?"

"படி எண்டா எல்லாம் ஒண்டுதானே மிஸ்."

"இல்ல காக்கா. போய்ப் பாத்துட்டு எழுதுங்க."

போனேன். அளவு நாடாவையும் கொண்டு போனேன். முன் மண்டபத்துக்கு ஏற இரண்டு படி. அதன்பின் தொழுகிற இடத்துக்குள் போக ஒரு வாசல்படி. மூன்றையும் அளந்தேன். குசினிப் படியைவிடப் பதிவுதான். உள்ளங்கையால் தடவி வழுக்குமா என்று பார்த்தேன். பிடிக்க நிலைக்கதவு உண்டு. உள்ளே முதுகு வளைக்க ஏலாதவர்களுக்காகப் பின்சுவரோரம் கதிரைகள் உண்டு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அந்த வாசலைக் கடந்து உள்ளே போய்க் கதிரைகளை எண்ணியபோது நானும் வலது காலைத்தான் முதலில் வைத்துப் போயிருப்பேன். பள்ளிக்குள் வலது காலால் போகிறோம், இடது காலால் வெளியே வருகிறோம். அதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. சோறு எந்தக் கையால் தின்கிறாய் என்று யாராவது நம்மிடம் கேட்கிறார்களா?

படியை அளந்துவிட்டு வந்தேன். 'அஸர் தொழுகைக்கு மட்டும், பொல்லோடும் துணையோடும் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பெரியவர் கடதாசியை இரண்டு தரம் வாசித்து மகளிடம் நீட்டினார். மகள் மூன்றாம் தரம் வாசித்தார். பிறகு உள்ளே போய்த் திறப்பை எடுத்து வந்து, தகப்பனிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க காக்கா. எனக்கிப் பாக்க ஏலா."

அடுத்த நாள் பின்னேரம் அஸருக்குப் போனோம். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட்டு, தொப்பி. வீட்டிலேயே முகம் கை கால் கழுவி ஒளுச் செய்திருந்தார். நான் வலப்பக்கத்தில், பிடிக்காமல், பிடிக்கிற தூரத்தில் நடந்தேன். ஒழுங்கையில் ஆட்கள் நின்று நின்று சலாம் சொன்னார்கள். மதகடியில் ஒருவர், "என்ன விதானையார், தண்ணி தொறக்கப் போறாப்போலயோ?" என்று கேட்க, "ஓம், உன்ட வயலுக்கு மட்டும் இல்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சந்தோசமாக ஒரு மனிதர் நடந்து போனதை நான் பார்த்ததில்லை.

முன் மண்டபத்து இரண்டு படியையும் பழகியபடியே இடது காலால் ஏறினார். நான் மனதுக்குள் கணக்கு முடித்துவிட்டேன். வாசல்படிக்கு வந்ததும், "நிண்டுகொள்ளுங்க மாமா, கதிரையொண்டு முன்னுக்கு இழுத்து வெச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் நிற்கவில்லை. பின்னால் அவருடைய குரல் கேட்டது. பள்ளிக்குள் நுழையும்போது ஓதுகிற ஓதலை ஓதிக்கொண்டிருந்தார். அது முடியவில்லை. பொல்லு பளிங்குத் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது பொல்லின் சத்தம் அல்ல.

முன்பாதம் படியின் விளிம்பில் மாட்டியிருக்கிறது. வலது கால். உடம்பு இடப்பக்கம் சரிந்து, அந்த நல்ல காலின் இடுப்பெலும்பு நேராகப் படியில் அடிபட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலுக்குக் குறுக்கே கிடந்தார். ஒரு கால் மற்றதைவிடக் குறுகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அது இடுப்பெலும்பு உடைந்த கோலம் என்று மிஸ் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். ஒப்பரேஷன் செய்தால்தான் நிற்க முடியும். செய்தால் நெஞ்சு தாங்குமா என்பது சந்தேகம் என்றார்கள். மகளும் மற்றப் பிள்ளைகளும் கூடிப் பேசி, வேண்டாம் என்று கையெழுத்து வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வார்டு நடையில் மகள் என்னிடம் ஒரே தரம்தான் கதைத்தார். சத்தம் போடவில்லை.

"நான் பூட்டு எண்டன், காக்கா. நீங்க கடதாசி எண்டீங்க. நான் கடதாசிய நம்பினன்."

மிஸ்ஸும் சத்தம் போடவில்லை. "எந்தக் கால முதல்ல வெச்சார்?" என்று கேட்டார். சொன்னேன். "ஏன்? பழக்கினமே?" பள்ளிக்குள் எந்தக் காலால் போவது என்பதைச் சொன்னேன். "எனக்குத் தெரியாது காக்கா" என்றார். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் கோயிலுக்குப் போகிறவர். எனக்குத் தெரியும், அதுதான் விசயம். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் பேனையை எடுத்துப் படிவத்தின் அடியில், அச்சடிக்காத இடத்தில், ஒரு கேள்வியைக் கையால் எழுதினார். இப்போது கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்கிறோம். பள்ளிக்கோ கோயிலுக்கோ கக்கூசுக்கோ போகும்போது எந்தக் காலை முதலில் வைப்பீர்கள், வைத்துக் காட்டுங்கள். சிலர் சிரிக்கிறார்கள். நான் பின்பக்கத்தில் எழுதுவதை விட்டுவிட்டேன்.

பள்ளி மவ்லவியிடமும் போய்க் கேட்டேன். ஏலாதவர் இடது காலால் போனால் குற்றமா என்று. "ஒரு குத்தமும் இல்ல. ஏன், சக்கரக் கதிரையில வாறவங்க எந்தக் காலால வாறாங்க?" என்றார். எளிதாகச் சொன்னார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் இரண்டு கிழமை பெரியவரிடம் போகவில்லை. அந்த ஒழுங்கையைத் தவிர்த்து மற்ற வழியால் கடைக்குப் போனேன்.

கடைசியில் மகள்தான் போன் எடுத்தார். "வாப்பா கேக்கார், வாங்க" என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஓரத்து அறையில் கட்டிலைச் சுவரோடு போட்டிருந்தார்கள். மருந்து மணமும் அதற்குக் கீழே படுக்கைப் புண்ணின் மணமும் இருந்தன. உடம்பு பாதியாகிவிட்டது. கன்னம் உள்ளே போய்த் தொப்பி பெரிதாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும், "செருப்புக் கடைக்காரர் வெறுங்காலோட வந்திரிக்கார்" என்றார். செருப்பை வாசலில் கழற்றியிருந்தேன். சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

மவ்லவி சொன்னதைச் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன். "மாமா, மவ்லவிட்டக் கேட்டன். ஏலாத ஆக்கள் இடது காலாலயும்…"

"தெரியும் மகன்."

"என்ன?"

"எனக்கித் தெரியாதா? ஏலாதவனுக்குக் குத்தமில்ல எண்டு நான் எத்தின பேருக்குச் செல்லிரிப்பன். வாசல்ல நிண்டு, இடது, இடது எண்டுதான் நினைச்சன். மறுகா ஓதத் தொடங்கினன்." மூச்சு வாங்கினார். "ஓதத் தொடங்கினா கால் நம்மளக் கேக்கிறல்ல மகன். எழுபது வருசம் போன காலு. அது போயிட்டு."

மகள் வாசலில் தண்ணீர்க் கோப்பையோடு வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் பாத்திரிக்கணும் மாமா" என்றேன். "அளக்க வேண்டியத நான் அளக்கல்ல."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை.

"சரி, இப்ப அளங்க. நாடா வேணாம், போன் வேணாம். இந்தக் காலப் பாத்துட்டுச் செல்லுங்க. நான் இனி எழும்பி நடப்பனா? மகள்ற முகத்தப் பாக்காம செல்லுங்க."

போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடது கால் குறுகிச் சாய்ந்து கிடந்தது. வலது பாதம் முன்பக்கம் மடிந்து விறைத்திருந்தது. தொடைச் சதை இல்லை. முப்பது வருடம் கால் பார்த்தவன் நான். பார்த்த உடனே தெரிந்தது. ஆனாலும் பொய் சொல்ல எத்தனையோ வார்த்தை வாயில் வந்து நின்றது. இப்போது ஏலாது என்று எழுதி, கீழே கோடு போட்டது ஞாபகம் வந்தது.

"ஏலா மாமா" என்றேன்.

மகள் உள்ளே வந்து கோப்பையைக் கட்டிலடியில் வைத்தார். வெளியே அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். நாலு வளவு தூரம். ஒவ்வொரு சொல்லும் அறைக்குள் தெளிவாகக் கேட்டது. அவர் வாய்க்குள் பதில் சொல்லிக்கொண்டே கேட்டு முடித்தார்.

"கொஞ்சம் தள்ளி இரிங்க மகன்" என்றார்.

தள்ளி இருந்தேன். தண்ணீரால் ஒளுச் செய்ய ஏலாதவர்கள் செய்வதுபோல, அவர் இடது கையைச் சுவரில் தட்டி அந்தப் புழுதியால் முகத்தைத் தடவினார். மறுபடி தட்டி, விரல் மடங்கிக் கிடந்த வலது கையைத் தடவிவிட்டார். பிறகு அந்த ஒரு கையைக் காது வரை உயர்த்தி நெஞ்சில் கட்டிக்கொண்டு, குனிய வேண்டிய இடத்தில் கண்ணைக் கொஞ்சமாகவும், நெற்றியை நிலத்தில் வைக்க வேண்டிய இடத்தில் இறுக்கியும் மூடி, தொழத் தொடங்கினார்.